நாத்துக்கு என்ன நோவு, அம்மிணி?

கொழிஞ்சாம்பாறை
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அம்மிணி,

ஹாம்பர்க்கிலிருந்து நீ அனுப்பின ஆறு போட்டோவையும் நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கம்மா தூங்கின பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் போட்டோவுக்குக் கீழே "நான் வெச்சா எதுவும் வராதுப்பா" என்று எழுதியிருந்தாய். கைராசி என்று ஒன்றும் கிடையாது, கண்ணு. போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

படித்து முடிக்கிறவரை அந்த அஞ்சு மிளகாய் நாத்துக்கும் எதையும் ஊற்றாதே. தண்ணீரைக்கூட.

நீ ஒன்பதாவது படிக்கும்போது கிணத்துமேட்டில் அரை ஏக்கர் மிளகாய் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நட்டு நாற்பது நாளில் குருத்தெல்லாம் சுருண்டுவிட்டது. ரெண்டு செடியைப் பிடுங்கிப் பையில் போட்டு மருந்துக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சுருட்டை வைரஸ்தான், வெள்ளை ஈயைக் கொன்றால் நின்றுவிடும்" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். மூன்று தடவை அடித்தேன். அடிக்க அடிக்க அதிகமானது. அப்புறம் கிருஷி பவனில், அதுதான் நம்மூர் வேளாண்மை ஆபீசில், ஒருத்தர் இலையைத் திருப்பி, லென்ஸை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெளிர் மஞ்சளில், கண்ணாடித் துளி மாதிரி என்னவோ நகர்ந்தது. மஞ்சள் முரணைச் சிலந்தி. வெறுங்கண்ணுக்குச் சிக்காது. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. பூச்சியைக் கொல்லும் மருந்து பலதும் இதை ஒன்றும் செய்யாது, இதைப் பிடித்துத் தின்கிற நல்ல சிலந்திகளைத்தான் கொல்லும். நனையும் கந்தகம் அடித்த பிறகுதான் குருத்து நிமிர்ந்தது. அதற்குள் பாதிக் காடு போய்விட்டது. அந்த வருஷம் வேலந்தாவளம் மார்க்கெட்டுக்கு நாலு மூட்டைதான் ஏற்றினோம்.

தென்னைக்கு 1998-இல் மண்டரி வந்ததைப் பார்த்த ஊர் நம் ஊர். கண்ணுக்குத் தெரியாத சிலந்தி தேங்காயையே சூம்ப வைத்ததைக் கண்ட பிறகும், மிளகாய் இலையைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் நீ செய்ய வேண்டியது, பார்ப்பது. சுருள்வது பழைய இலையா, புது இலையா? எந்தப் பக்கமாகச் சுருள்கிறது? அஞ்சு செடியும் ஒரே மாதிரியா? இலை ஓரம் மேலே தூக்கித் தோணி மாதிரி இருந்தால், இலைப்பேன் சாறு உறிஞ்சுகிறது, அல்லது காற்று வறண்டு சூடு தாக்குகிறது. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் குருத்தைத் தட்டு. நூல் துணுக்கு மாதிரி ஏதாவது விழுந்து ஓடினால் இலைப்பேன். ஓரம் கீழே மடங்கிக் கவிழ்ந்த தோணி மாதிரி ஆகி, காம்பு நீண்டு, இலை குறுகினால் முரணை. அசுவினி என்றால் இலை பிசுபிசு என்று கையில் ஒட்டும்.

உன் போட்டோவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே ஜன்னலில் ரெண்டு வியாதி இருக்கிறது என்பது என் கணக்கு.

இடது ஓரத்து ரெண்டு நாத்தை முதலில் பார். கடையில் வாங்கின பூச்செடிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுகள். அதில் புது இலை மட்டும் கவிழ்ந்து, குருத்து தடித்து நிற்கிறது. அடி இலை நன்றாகவே இருக்கிறது. முரணை வீட்டுக்குள் இப்படித்தான் வரும், புதுச் செடியோடு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி இலையடியைப் பார். நகர்ந்தால் அந்த ரெண்டையும் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடு. மனசு கேட்காது, தெரியும். ஆனால் ரெண்டைக் காப்பாற்றப் போய் மூன்றை விட வேண்டாம். வரமிளகாய்ப் பாக்கெட்டில் இன்னும் விதை இருக்கிறது. பூச்செடியை வேறு அறைக்கு மாற்று. கையைக் கழுவிவிட்டு மற்றதைத் தொடு.

மீதி மூன்றுக்கும் பூச்சி இல்லை என்றுதான் நினைக்கிறேன். விதையிலை விழுந்து மூன்று வாரமாகியும் நாலு இலைக்கு மேல் ஏறவில்லை. அடி இலை வெளுத்திருக்கிறது, மேலே கொஞ்சம் தோணி. நீ வைத்திருப்பது வெறும் தேங்காய் நார்த்தூள். அது பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தே அங்கே போயிருக்கலாம்! அதில் சத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விதைக்குள் இருக்கிற சாப்பாடு தீர்ந்ததும் செடி பட்டினிதான். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் பழைய இலையிலிருந்து உறிஞ்சிப் புது இலைக்கு அனுப்பும், அதனால் அடி இலை முதலில் வெளுக்கும். சுண்ணாம்புச் சத்துக்கு அப்படி நகரத் தெரியாது. அது குறைந்தால் புது இலைதான் சுருங்கி நுனி கருகும். இன்னொன்று, நார்த்தூளை நன்றாக அலசாவிட்டால் உப்பு தங்கும். மேலே வெள்ளையாகப் படிந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவுக்கு மூன்று மடங்கு ஊற்றி அடியில் ஓடவிடு. அப்புறம் திரவ உரத்தை டப்பாவில் எழுதியிருப்பதில் பாதி அளவுக்குக் கலந்து கொடு. முழு அளவு வேண்டாம், பிஞ்சு வேர்.

அதற்கு முன்னால் தொட்டியைக் கையில் தூக்கிப் பார். கனமாக இருக்கும்போதே இலை தொங்கினால், தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுமுட்டுகிறது. ஒன்றை மெதுவாகக் கவிழ்த்து வேரைப் பார். வெள்ளையாக இருந்தால் பயமில்லை. பழுப்பாகி வழவழத்தால் தண்ணீரை நிறுத்து.

குளிரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். உன் ஜன்னல் திட்டுக்குக் கீழேதான் ஹீட்டர் இருக்கிறது. பகலில் வறண்ட அனல், ராத்திரி கண்ணாடியிலிருந்து குளிர். மிளகாய் நம்மூர் வெயிலில் வளர்கிற ஜாதி. 20 டிகிரிக்கு மேல்தான் ஆசையாக வளரும், 15-க்குக் கீழே போனால் அப்படியே நின்றுவிடும். வேர் குளிர்ந்தால் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) எடுக்காது, இலையடியில் ஊதா ஓடும். விடிகாலையில் மண்ணுக்குள் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து எழுது. ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி வைத்து, மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு போடு. ஹாம்பர்க் மாசி வெளிச்சம் அதற்குப் போதாது.

போன மாதம் பேசும்போது, பில்லுக்குப் பயந்து ராத்திரி ஹீட்டரை அணைத்துவிடுகிறேன் என்றாயே. செடிக்குப் பக்கத்தில்தானே உன் கட்டிலும் இருக்கிறது? 15 டிகிரியில் நீ எப்படித் தூங்குகிறாய்? ஹீட்டரைப் போட்டுக்கொள், அம்மிணி. பில் எவ்வளவு வந்தாலும் எனக்குச் சொல். உங்கம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு லென்ஸில் பார்த்ததையும், வேர் போட்டோவையும், விடிகாலை டிகிரியையும் அனுப்பு.

அப்பா