வாடைக்கு முன் வடிகால்: திருகோணமலை மாவட்டப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், செயலாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் "இத்தனை மீற்றர் கொங்கிறீட்" என்று பங்கு பிரிப்பது வழமையாகிவிட்டது. அடுத்த பட்டியலை எழுதுவதற்கு முன் எங்கள் வேண்டுகோள் ஒன்றைக் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கிற வீதிகளின் வடிகாலுக்கும் மதகுக்கும் பராமரிப்புக்கும் முதலில் பணத்தை எடுத்து வையுங்கள். புதிய வீதியை மிச்சத்தில் போடுங்கள். புதியதைப் போட்டு முடித்தபின் மிஞ்சினால் பழையதைப் பார்ப்போம் என்றால், பழையதற்கு எந்த ஆண்டும் எதுவும் மிஞ்சாது.

மட்டக்களப்பு வீதியாகிய ஏ15, கந்தளாய் வழியாக வரும் ஏ6, அநுராதபுரத்திலிருந்து வரும் ஏ12 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துடையவை. ஊருக்குள் போகும் மிச்ச வீதிகளில் பெரும்பாலானவை உங்கள் தலையில்தான். வயல் பக்கம் போகும் வாய்க்கால் கட்டு வீதிகளில் மட்டும், அது நீர்ப்பாசனத் திணைக்களத்துடையதா, கமநல சேவைகளுடையதா, சபையுடையதா என்பதைப் பணம் ஒதுக்குவதற்கு முன் எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். யாருடையது என்று தெரியாத வீதியை யாரும் பராமரிப்பதில்லை.

வீதியைக் கெடுப்பது தண்ணீர். வாகனம் அதற்குப் பிறகுதான். கீழே மண் காய்ந்து இறுகி இருந்தால் கிரவல் (சரளை மண்) வீதிகூட நெல் லொறியைத் தாங்கும். அதே மண் ஊறிவிட்டால் ஓட்டோ போனாலும் தடம் விழும். ஆகவே ஒரு கிரவல் வீதியில் முதலில் பார்க்கவேண்டியது நடு உயர்வு. 12 அடி அகல வீதியில் ஓரத்தைவிட நடு ஏறத்தாழ மூன்றரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும், அதாவது நூற்றுக்கு 5 என்ற சரிவு. இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 6 அடி நீளமான நேர்ப் பலகையின் ஒரு நுனியில் மூன்றரை அங்குல உயரக் கட்டை ஒன்றை அடித்து, அந்த நுனியை ஓரத்திலும் மறு நுனியை நடுவிலும் வைத்து, மேலே ரசமட்டத்தைப் பிடித்தால் தெரிந்துவிடும். மட்டம் சரியாக நின்றால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடும். இல்லையென்றால் நடுவில் தேங்கும், தேங்கிய இடத்தில் குழி பிறக்கும்.

வீதியைச் சுரண்டிச் சமப்படுத்தும் கிரேடர் இயந்திரம் வந்து போன பிறகும் ஒரு மாதத்தில் பழைய இடத்திலேயே குழி விழுவதற்குக் காரணம் உண்டு. மேலே தளர்ந்து கிடக்கும் கிரவலைச் சுரண்டிக் குழிக்குள் தள்ளினால் அது அடியோடு ஒட்டாது. குழியின் அடிமட்டம் வரை கிளறி, பழைய கிரவலையும் புதியதையும் கலந்து, பவுசரால் தண்ணீர் அடித்து, நடு உயர்வு கொடுத்து, பிறகுதான் ரோலர் ஓட வேண்டும். கட்டட இடிபாட்டுக் கற்களையும் ஓட்டுத் துண்டுகளையும் குழிக்குள் கொட்டுவது இன்னும் மோசம். கல் அசையாமல் நிற்க, அதைச் சுற்றியுள்ள மண் கரைந்து, ஒரு குழி இரண்டாகும்.

அளவுக் கணக்கை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருப்பது நல்லது. 1 கிலோமீற்றர் நீளம், மூன்றரை மீற்றர் அகலம், இறுகிய பிறகு 6 அங்குலத் தடிப்பு வேண்டுமென்றால் இறுகிய கிரவல் 525 கன மீற்றர். டிப்பரில் வரும் கிரவல் தளர்ந்தது. அதை 1.3 மடங்காகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 680 கன மீற்றர். 100 கன அடி ஒரு கியூப் என்பதால் இது சுமார் 240 கியூப். மதிப்பீட்டில் 120 கியூப் என்று இருந்தால் அந்த வீதிக்கு 3 அங்குலம்தான் கிடைக்கும், தாளில் என்ன எழுதியிருந்தாலும். டிப்பரின் பெட்டி நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி 100 ஆல் வகுத்தால் ஒரு நடையில் எத்தனை கியூப் என்று வரும். இறக்கிய நடைகளை எண்ணிக் கையொப்பமிட ஊரில் ஒருவரை வையுங்கள், கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொறுப்பான ஆள் இருப்பார்.

எந்தக் கிரவல் என்பதும் முக்கியம். களிமண் அதிகமாக இருந்தால் மாரியில் சேறு, அறவே இல்லாவிட்டால் கோடையில் தூசியாகி உதிரும். ஒரு பிடி கிரவலை நனைத்து உருட்டிக் காயவைத்துப் பாருங்கள். விரலால் நசுக்கினால் உடனே உதிர்வது வேண்டாம், காய்ந்து பிளந்து கட்டியாவதும் வேண்டாம். ரோலர் போடும்போது ஈரம் சரியா என்பதற்கும் கையே அளவுகோல்: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. 6 அங்குலத்துக்கு மேல் ஒரே அடுக்காக இறுக்க முடியாது, மேலே இறுகி உள்ளே பஞ்சாக இருக்கும். ரோலர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். 8 தொன் ரோலர் என்றால் ஆறு எட்டுத் தடவை.

இங்கேதான் நம் மாவட்டத்தின் பருவம் குறுக்கிடுகிறது. ஒப்பந்தங்கள் இழுபட்டு, வேலை வைகாசி, ஆனியில் தொடங்கினால் அது கச்சான் என்கிற உலர்ந்த தென்மேற்குக் காற்று வீசும் காலம். தண்ணீர் அடித்த ஈரம் ரோலர் வருவதற்குள் பறந்துவிடும். இன்னும் பிந்தினால் வாடை (வடகிழக்குப் பருவ) மழையில் கிரவல் இறக்க வேண்டிவரும். கிரவல் வேலைக்கு ஏற்றது மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இன்னும் நிற்கும் மாசி, பங்குனி. அந்த மாதங்களில் பெரும்போக அறுவடை லொறிகளும் ஓடும் என்பது உண்மைதான். வயல் வீதிகளை அறுவடை முடியும்வரை தள்ளி, ஊர் வீதிகளை முதலில் எடுத்தால் இரண்டும் மோதாது. இதற்குக் கேள்வி (டெண்டர்) அறிவித்தலை மார்கழிக்குள் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

கொங்கிறீட்டுக்கு வருவோம். கொங்கிறீட் போட்டால் பராமரிப்பே இல்லை என்ற நம்பிக்கையில் பலர் கேட்கிறார்கள். பிழைகள் பெரும்பாலும் ஐந்தாறு இடங்களில்தான் நடக்கின்றன. பழைய வீதியின் மேலேயே ஊற்றினால் மட்டம் உயர்ந்து இரு பக்க வளவுகளுக்குள்ளும் தண்ணீர் போகும். பிறகு சனங்கள் மண் போட்டு வளவை உயர்த்துவார்கள், வீதி வாய்க்காலாகும். ஆகவே முதலில் தோண்டி மட்டத்தை இறக்குங்கள். அடியில் இறுக்கிய கிரவலும் அதன்மேல் பொலித்தீனும் இல்லையென்றால் சீமெந்துப் பாலை மண் உறிஞ்சிவிடும். 50 கிலோ சீமெந்துப் பைக்கு மொத்தத் தண்ணீர் 25 லீற்றரளவில் நிற்க வேண்டும், மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. இழுத்துப் பரப்ப இலகு என்று மேலும் ஒரு வாளி ஊற்றும்போது, மேற்பரப்பு ஓராண்டில் பொடியாவதற்கு அங்கேயே வழி பிறக்கிறது. 6 அங்குலத் தடிப்புக்கு 4 மீற்றருக்கு ஒரு குறுக்கு வெட்டு, ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழத்தில், மறுநாள் காலைக்குள் வெட்டப்பட வேண்டும். நீங்கள் வெட்டாவிட்டால் வெயில் தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்க வைக்கும். மணலால் பாத்தி கட்டியோ சாக்கு விரித்தோ ஏழு நாள் தண்ணீர் நிற்க வேண்டும். கச்சான் காலத்தில் இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை.

கொங்கிறீட் வீதியின் இரு ஓரத்திலும் ஒன்றரை அடிக்குக் கிரவல் போட்டு இறுக்குவது மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத வீதியில் எதிரே வரும் வாகனத்துக்கு விலகும் சில்லு ஓரத்திலிருந்து விழும், மழைநீர் ஓரத்தை அரித்து அடியில் குகை தோண்டும், பிறகு கொங்கிறீட்டின் நுனி உடையும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

வடிகால் அடைபடுவது பெரும்பாலும் வீட்டு வாசலில். வாகனம் உள்ளே போக ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கேற்றுக்கு முன் மண்ணை நிரப்புகிறார்கள், சிலர் 4 அங்குலக் குழாயைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கிறார்கள். அவர்களோடு சண்டை பிடித்துப் பயனில்லை. கம்பி வைத்த, இருவர் தூக்கக்கூடிய 2 அடி அகல மூடுபலகைகளைச் சபையே வார்த்து, கட்டணத்துக்குக் கொடுக்கலாம். வேண்டியபோது தூக்கித் துப்புரவாக்கலாம்.

மதகுகளில் 24 அங்குலத்துக்குக் குறைந்த ஹியூம் பைப்பை (கொங்கிறீட் குழாயை) இனி அனுமதிக்காதீர்கள். 12 அங்குலக் குழாய்க்குள் தேங்காய் மட்டையும் வண்டலும் அடைத்தால் ஆள் நுழைந்து எடுக்க முடியாது. குழாய்க்கு மேல் ஓரடி மண்ணாவது இறுகியிருக்க வேண்டும். வெளிவாயில் கல் பதிக்காத மதகு, தண்ணீர் விழும் இடத்தைத் தோண்டித் தானே சாயும்.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியாவின் தாழ்நிலங்களுக்குத் தனி யோசனை வேண்டும். மகாவலி பெருகும்போது வெள்ளம் வீதியைக் கடந்தே தீரும். வீதியை உயர்த்தினால் அது அணையாக நின்று, ஒரு பக்க வயலை மூழ்கடித்து, கடைசியில் தானும் உடையும். அங்கே தேவை தாம்போதி: வெள்ளம் மேலால் போக விட்டு, கீழ்ப்பக்க ஓரத்தில் கேபியன் கூடையோ (கல் நிரப்பிய கம்பிவலைப் பெட்டி) கற்பதிப்போ செய்து, ஆழம் காட்டும் கோடுகள் கீறிய தூண்களை இரு பக்கமும் நாட்டுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் வெள்ளம் வந்து போன பிறகும் வீதி அங்கே இருக்கும்.

தார் வீதிக் குழிகளைச் சதுரமாக, ஓரம் செங்குத்தாக வெட்டி, தூசியையும் ஈரத்தையும் நீக்கி, இமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பூசி அது கபிலத்திலிருந்து கறுப்பாக மாறிய பிறகே கலவையை நிரப்பி இறுக்க வேண்டும். மழை நின்ற மறுநாள், தண்ணீர் நிற்கும் குழிக்குள் கொட்டுவது பணத்தைக் கொட்டுவதே.

உழவு இயந்திரம் இரும்புச் சில்லோடு வீதியில் ஏறுவதைக் கமக்காரர் அமைப்புகளோடு பேசித்தான் நிறுத்தலாம். தண்டனை மட்டும் போதாது, சில்லு மாற்ற வயல் தலைப்பில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். மணல் டிப்பர் ஓடும் வீதிகளுக்குச் சபை பார நிபந்தனை விதிக்கட்டும். குழாய் பதிக்க வீதியை வெட்டுவோரிடம் வைப்புப் பணம் வாங்கி, 6 அங்குல அடுக்குகளாக இறுக்கி மூடியதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து, ஒரு மாரி கடந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆள் வேண்டும். ஒருவருக்கு 2 கிலோமீற்றர் என்று பிரித்து, மண்வெட்டி, கத்தி, தள்ளுவண்டி, இடிகட்டை கொடுத்துப் புரட்டாதிக்குள் வடிகாலும் மதகும் திறக்கப்பட்டிருந்தால், மாரிக்குப் பிறகு கிரேடர் வாடகைக்குப் போகும் பணத்தில் நல்ல பங்கு மிஞ்சும்.

இந்த மாரியில் பெருமழை பெய்துகொண்டிருக்கும் ஒரு நாளில் உறுப்பினரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் குடையோடு உங்கள் வீதிகளில் நடந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மதகு இழுக்கவில்லை, எந்த ஓரம் அரிகிறது என்று வீதிப் பதிவேட்டில் குறியுங்கள். வெயிலில் போனால் இவற்றில் பாதி கண்ணில் படாது. அந்தப் பதிவேட்டைச் சபைப் பலகையில் ஒட்டுங்கள். அதை வைத்தே பணத்தைப் பிரியுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தில் வீதி வேலை அறிந்த சிலர்