ராசுவின் திரைக்கதைக்கு ஒரு பதில்

செல்லூர், மதுரை

அன்புள்ள ராசு,

உன் திரைக்கதைக் கட்டு வந்து சேர்ந்தது. ரெண்டு தடவை படிச்சாச்சு. உலகம் அழியுற கதையைச் செல்லூர்ல ஒரு வளவுக்குள்ள, அஞ்சு குடும்பத்தை வச்சுப் பத்தொன்பது நாளில் சொல்லி முடிச்சிருக்கே. துணிச்சல்தான். ஆள்கள் நல்லா வந்திருக்காங்க. ஆனா அழிவு வர்ற வழியில ஓட்டை இருக்கு. அதைத்தான் எழுதுறேன், கோவிச்சுக்காதே.

சூரியப் புயல் அடிச்சு மதுரை டிரான்ஸ்பார்மர் எல்லாம் ஒரே நொடியில் வெடிக்குதுன்னு எழுதியிருக்கே. அது நடக்காது. 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்துல சூரியப் புயலால மின்சாரம் போச்சு. ஒன்றரை நிமிஷத்துல கிரிட், அதாவது ஊர்களை இணைக்கிற மின் வலை, முழுக்கச் சாஞ்சு, அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டுல இருந்தாங்க. அது துருவத்துக்குப் பக்கத்து ஊர், அடியில கெட்டிப் பாறை. மண்ணுக்குள்ள ஓட முடியாத மின்னோட்டம் நீளமான லைன்ல ஏறிடுச்சு. மதுரை பத்து டிகிரி அட்சரேகையில கிடக்கு. அந்த வேகம் இங்கே எட்டாது. அதனால புயல் வடக்கே அடிக்கட்டும், அங்கே சாயுற கிரிட் நம்மளையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகட்டும். 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருண்டப்ப நம்ம ஊர்ல விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, ஏன்னா தெற்கு கிரிட் அப்போ தனி. 2013 டிசம்பர் 31-ல்தான் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியா ரெண்டையும் ஒண்ணா இணைச்சாங்க. இணைஞ்சதுல லாபமும் உண்டு, ஒருத்தன் விழுந்தா கூட இருக்கறவனும் சாயுற ஆபத்தும் உண்டு. உன் தாத்தா பாத்திரம் இதை ஒரு வரியில சொல்லட்டும்: "அன்னைக்கு நாம தனிக்குடித்தனம், இன்னைக்குக் கூட்டுக்குடும்பம்டா."

வானத்துல சிவப்பு வெளிச்சம், பறவை செத்து விழுறது, ரெண்டையும் வெட்டிடு. நம்ம அழிவு குழாயில வரணும்.

கணக்கைப் பாரு. 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒண்ணு, 12 வோல்ட். நாலு ஃபேன், ரெண்டு லைட் ஓடினா இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கும். அதுவரைக்கும் யாருக்கும் பயமே வராது. வாசல்ல உக்கார்ந்து அரட்டைதான். அடுத்து செல்போன் டவர். பேட்டரி தீர்ந்து ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசல் ஏத்த பெட்ரோல் பங்க்ல கரண்டு வேணும். இந்த வட்டம் ஒரு தடவை அறுந்தா போதும். தண்ணியைத்தான் நீ தப்பா வச்சிருக்கே. முதல் நாளே குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓட விட்டுட்டே. மொட்டை மாடியில வீட்டுக்கு ஒண்ணா ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இருக்கு. ஒரு வீட்டுக்கு நாலு பேர், வழக்கமான புழக்கம் ஆளுக்கு 135 லிட்டர்னா ஒரு நாளைக்கு 540. ரெண்டு நாள்கூட வராது. அதே தொட்டியைக் குடிக்க, சமைக்கன்னு ஆளுக்கு இருபது லிட்டரா அளந்தா பன்னிரண்டு நாள் வரும். வித்தியாசம் முழுக்க முதல் ராத்திரியே கேட் வால்வைத் திருகிச் சாத்துற ஒரு கையில இருக்கு. அந்தக் கை யாருடையது? உன் கதையில அது யாருமே இல்லை. நான் சாந்தாவைச் சொல்வேன். எல்லாரும் வாசல்ல சிரிச்சுக்கிட்டு இருக்கையில அவ மாடிக்குப் போய் அத்தனை வால்வையும் மூடுறா. யாரிடமும் சொல்லலை. மூணாம் நாள் அவ நல்லவளா திருடியான்னு வளவே ரெண்டா பிரியும். இடைவேளை வரைக்கும் உனக்கு வேற வில்லன் வேண்டாம்.

அடிபம்பைப் பத்தி. நம்ம தெருக்களில் நிக்கிறது இந்தியா மார்க் 2 ரகம். நிமிஷத்துக்கு நாற்பது அடி அடிச்சா பன்னிரண்டு லிட்டர் வரும். பதினஞ்சு லிட்டர் குடத்துக்கு அம்பது அடி. நாற்பது குடம் வரிசையில நின்னா ஒரு மணி நேரம் போல ஆகும்; உன் காட்சியில அஞ்சு நிமிஷத்துல வரிசையே காலி! ராப்பகலா அடிச்சா உள்ளே இருக்கிற வாஷர் (பழைய பம்புல அது தோல்) தேயும். அதுக்கப்புறம் முப்பது அடி காத்துதான், பிறகுதான் தண்ணி. இதை ஒரே ஷாட்டில் எடு: கைப்பிடியும் குழாய் வாயும் மட்டும். பார்க்கறவன் அடியை எண்ண ஆரம்பிச்சுடுவான். வாஷர் மாத்த முக்காலி நட்டுக் குழாயை ஒவ்வொண்ணா மேலே தூக்கணும், புது வாஷர் கிடைக்காது, தோலை வெட்டித் தைக்கத் தெரிஞ்சவர் வேணும். முதல் பாதியில செருப்பு தைக்கிற பெரியவரைத் தன் திண்ணையில உக்கார விடாத அதே வீட்டுக்காரர், இப்போ அவரைத் தேடிக்கிட்டுப் போறார். வசனம் எழுதாதே.

மல்லிகையை மறந்துட்டியே! விடியுமுன்னே பறிச்ச மொட்டு அன்னைக்கே கைமாறணும். போன் இல்லை, லாரி இல்லை. மூணாம் நாள் மாட்டுத்தாவணியில மூட்டை மூட்டையாக் கிடக்கும். ராத்திரி அத்தனையும் விரிஞ்சா அந்தப் பக்கமே மணக்கும். சாவு வாடை எதுவும் இல்லாம, அந்த வாசம் ஒண்ணை வச்சே பயத்தைக் காட்டலாம்.

அழகர் ஆத்துல இறங்காம நிக்கிற காட்சியை 'யாரும் நம்ப மாட்டாங்க'ன்னு அடிச்சிருக்கே. 2020-லயும் 2021-லயும் இறங்கலையே, அதுக்குள்ள மறந்துபோச்சா? திரும்பச் சேர்த்துடு.

இப்போ ஒலி. ஃபேன் சத்தம் இல்லாத வீடு நம்ம ஊர்ல கிடையாது. ஒவ்வொரு அறையிலயும் ஃபேன் ஓடுறப்ப ஒரு நிமிஷம், நிறுத்திட்டு ஒரு நிமிஷம் வெறும் ஒலி பதிஞ்சுக்கோ. முதல் இருபது நிமிஷம் டிரான்ஸ்பார்மர் முனகல் அடியில ஓடிக்கிட்டே இருக்கட்டும். கரண்டு 50 ஹெர்ட்ஸ்னாலும் முனகல் 100-ல்தான் வரும்; அதோட 200-ஐயும் கலந்து விடு, இல்லைனா போன்ல பார்க்கறவனுக்குக் கேட்காது. கரண்டு போனதும் பின்னணி இசை போடாதே. அந்த முனகல் நின்னாலே வயித்தைப் பிசையும்.

கீற்றுக் கொட்டகை எரியுற ஷாட்டுக்கு ரெண்டு கேமரா வை. ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கியோட கடைசிப் படம், 1986-ல் வந்த 'தி சாக்ரிஃபைஸ்'ல வீடு எரியறப்ப கேமரா மக்கர் பண்ணிடுச்சு. வீட்டையே மறுபடி கட்டி எரிச்சாங்க. உனக்கு ரெண்டாவது கொட்டகைக்குக் கீற்றை முன்கூட்டி வாங்கி வச்சாப் போதும்.

முடிவுதான் என்னை உறுத்துது. பத்தொன்பதாம் நாள் பளிச்சுனு விளக்கு வருது, எல்லாரும் அழறாங்க, சுபம். கிரிட் செத்தா அது தானா எழுந்திருக்காது. பெரும்பாலும் நீர்மின் நிலையத்துலதான் தொடங்குவாங்க. நமக்கு லோயர் கேம்ப் இருக்கு. பெரியாறு அணைத் தண்ணி மலையைக் குடைஞ்சு அங்கேதான் இறங்குது, பிறகு வைகை அணைக்குப் போய் நம்ம குழாய்க்கு வருது. விளக்கும் தண்ணியும் ஒரே வழி. சின்ன டீசல் ஜெனரேட்டரை வச்சு மெஷினைச் சுத்த விட்டு, வெறும் லைனை சார்ஜ் பண்ணி, ஊரைத் துண்டு துண்டாச் சேர்க்கணும். அங்கேதான் வினை. கரண்டு போனப்ப யாரும் சுவிட்சை அணைக்கலை. ஃபேன், மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாம் ஆன்லயே கிடக்கு. ஃபீடரை, அதாவது ஊருக்குப் போற லைனை, போட்ட உடனே அத்தனையும் ஒண்ணாக் கரண்டைக் குடிக்கும், ஃபிரீக்வென்சி சரியும், மெஷின் ட்ரிப் ஆகி நின்னுடும்.

அதனால பதினேழாம் நாள் விளக்கு வரட்டும். பத்து வினாடி. எல்லாரும் கத்தட்டும். அணையட்டும். ஏன்னு லைன்மேன் மகனுக்கு மட்டும் தெரியும். அவன் வீடு வீடா ஏறி மோட்டார் சுவிட்சை அணைக்கச் சொல்றான். சாந்தா மேல நம்பிக்கை போன தெரு, இவன் சொன்னா அணைக்குமா? கடைசி அரை மணி அது போதும், ராசு.

ஆனி, ஆடியில ஷூட்டிங் வைக்காதே, காத்து மைக்கைப் பிய்ச்சுடும். மார்கழியில விடிகாலைக் கோயில் ஒலிபெருக்கிச் சத்தம். மாசிதான் உனக்குத் தோது. ராத்திரிக் காட்சியைப் பகல்ல எடுக்கறதா இருந்தா கேமராவுல வெளிச்சத்தை ரெண்டு ஸ்டாப் குறைச்சு, வானம் ஃபிரேமுக்குள்ள வராம, வெயிலை ஆள் முதுகுக்குப் பின்னாடி வச்சு எடு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. திருத்தின பக்கத்தை அனுப்பு. சாந்தா மாடி ஏறுற காட்சியை முதல்ல அனுப்பு.

உன்,
கதிரேசன்