ஷெனண்டோவா மீனும் உன் கோழி எருவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாயிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, ஒரு வரி எழுது. நீ புதுசாக இன்னொரு கோழி ஷெட் போடுகிறாய் என்று குள்ளன் சொன்னான். சந்தோஷம். அந்த ஷெட்டைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் போன சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் கேட்கிறேன் என்று உனக்குப் புரியாது.

விடியும் நேரத்துக்கு இங்கே அமெரிக்காவில், வர்ஜீனியாவின் லூரே ஊர்ப்பக்கம் ஷெனண்டோவா ஆற்றின் தென்கிளையில் இறங்கிவிட்டேன். ஒரு பக்கம் புளூ ரிட்ஜ், மறுபக்கம் மஸ்ஸனட்டன் மலை, நடுவில் வடக்கு நோக்கி ஓடுகிற ஆறு. ஆகஸ்டில் பெரும்பாலான இடத்தில் தண்ணீர் முழங்காலிலிருந்து தொடை வரைதான். பாறைகள் வரிசை வரிசையாக ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும். அவற்றின் கீழ்ப்பக்கம் தண்ணீர் கறுத்து ஆழமாகும் இடத்தில்தான் ஸ்மால்மவுத் பாஸ் என்கிற மீன் நிற்கும். படகெல்லாம் வேண்டாம். கம்பை ஊன்றி, வழுக்கும் கல்லைக் காலால் தடவித் தடவி எதிர்நீரில் ஏற வேண்டும். எனக்கு அதில்தான் ருசியே.

பித்தளை நிற மீன், விலாவில் மங்கலான பட்டைகள், சிவந்த கண். கல்லிடுக்கில் வாழும் கிரேஃபிஷ் என்றால் அதற்கு உயிர். நன்னீரில் வாழும் குட்டிச் சிங்கி இறால் என்று வைத்துக்கொள். அந்த நிறத்தில் ஒரு ரப்பர் இரையை முள்ளில் கோத்து, பாறைக்கு மேலே எறிந்து, ஓட்டத்தோடு உருண்டு இறங்க விட்டேன். நரம்பு லேசாக ஒரு பக்கம் நகர்ந்தது. சுண்டினேன். அடேயப்பா! முழங்கை நீளம்கூட இல்லாத மீன், தண்ணீரை விட்டு எகிறி எகிறித் தலையை உதறியது. விராலே இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். மாட்டியதையெல்லாம் தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிட்டேன். குழம்புக்கு ஆகாத மீன்பிடி என்ன மீன்பிடி என்று நீ கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது.

ஜிலேபிக் கெண்டையைக் கண்டாலே வந்தேறி என்று திட்டுவாயே, இந்த ஆற்றுக்கு இதுவும் வந்தேறிதான். ஷெனண்டோவா போய்ச் சேர்கிற பொட்டோமேக் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் முதலில் இந்த மீன் கிடையாது. 1854-ல் ஷ்ரைவர் என்பவர் ஒஹாயோ ஆற்றுப் பக்கமிருந்து கொஞ்சம் மீனை ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கொண்டுவந்து, பொட்டோமேக் கரையிலுள்ள கம்பர்லாந்து ஊரில் கால்வாயில் விட்டாராம். அதிலிருந்து பெருகியதுதான் எல்லாம். இன்று இந்த ஆற்றின் பேரைச் சொன்னால் இந்த மீன்தான் நினைவுக்கு வரும்.

மே மாதத்தில் நீ பார்க்க வேண்டும். தண்ணீர் 15, 16 டிகிரிக்குச் சூடானதும் ஆண் மீன் வாலால் சரளையைக் கூட்டித் தள்ளிக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொரிந்த குஞ்சுகள் கலைந்து போகும் வரை காவல் அப்பன்தான். விரால் பார்ப்பு செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வரும்போது தூண்டிலைப் போட்டால் பரிசல் தாத்தா நம்மை என்ன விரட்டு விரட்டுவார்! நானும் அந்த மாதத்தில் குழிமேல் நிற்கிற மீனைத் தொடுவதில்லை.

அந்த அப்பன் மீனின் உடம்புக்குள்தான் இப்போது கேடு. 2003-ல் மேற்கு வர்ஜீனியாவில், பொட்டோமேக்கின் தென்கிளையில் மீன்கள் ஏன் சாகின்றன என்று அறுத்துப் பார்த்தவர்கள், ஆண் மீனின் விரைக்குள் முட்டை வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். பிறகு ஷெனண்டோவாவிலும் அதையே கண்டார்கள். 2004 வசந்தத்தில் வடகிளையிலும், 2005-ல் நான் நின்ற தென்கிளையிலும் வளர்ந்த மீன்கள் புண் பிடித்துக் கூட்டமாகச் செத்தன. அந்தச் சாவுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் யாராலும் காட்ட முடியவில்லை. ஆனால் முட்டை விஷயத்தில் ஊர்ச் சாக்கடையையும், வயலிலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வழிந்து வருகிற நீரையும் சந்தேகிக்கிறார்கள். கோழி எருவில் இயல்பாகவே பெண் ஹார்மோன் இருக்கிறது, அது மழையில் கரையும்.

மாப்பிள்ளை, இந்தத் தென்கிளை தொடங்குவதே ராக்கிங்ஹாம் கவுண்டியில், நம் ஊர் மாவட்டம் மாதிரி. கோழிக்கும் வான்கோழிக்கும் பேர்போன இடம். அந்தப் பக்கம் காரில் போகும்போது நீள நீளமான ஷெட்டுகளைப் பார்த்தால் எனக்கு நாமக்கல் ரோடுதான் கண்ணில் நிற்கும். தண்ணீர் கண்ணாடியாக ஓடுகிறது, காலடியில் கல் தெரிகிறது. இந்தத் தண்ணீரிலா இப்படி என்று மனசு ஒப்பவே இல்லை. கண்ணால் பார்த்து ஆற்றை எடைபோட முடியாது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நம் காவிரியில் கெளுத்தியையும் கெண்டையையும் இப்படி யாராவது அறுத்துப் பார்த்திருக்கிறார்களா? உன் பண்ணை எருவை எங்கே குவிக்கிறாய்? ஓடைக்கரையிலா? ஐப்பசி மழையில் அது எங்கே போகும் என்று உனக்கே தெரியும், மோகனூர் ஆற்றுக்குத்தான். இங்கே ராக்கிங்ஹாம், பேஜ் கவுண்டி எருவை வேறு இடங்களுக்கு ஏற்றிப்போக வர்ஜீனியா அரசு பணம் தருகிறது. உனக்கு அந்தச் செலவே வேண்டாம், மரவள்ளிக்காரர்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். அதுவரை மேட்டில் கூரைக்குக் கீழே நனையாமல் வை. புது ஷெட்டுக்குத் தகரம் வாங்கும்போதே அதற்கும் சேர்த்து வாங்கிவிடு. கோபப்பட்டாலும் பரவாயில்லை, மழுப்பாமல் பதில் எழுது.

பொங்கலுக்கு வருகிறேன். வந்ததும் முதல் வேலை ஓடையோரமாக ஆறு வரை நடந்து பார்ப்பதுதான், நீயும் வரவேண்டும். அப்புறம், உனக்கு ஒரு ரீல் வாங்கி வைத்திருக்கிறேன். குள்ளனிடம் மூச்சு விடாதே, அவனுக்கும் ஒன்று கேட்பான்.

உன் மச்சான்