கலாசார விழாவும் வாடகை உடுப்பும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்மட பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல கலாசார விழா எண்டா இப்ப வாடகைக்கு எடுக்குற மினுமினுப்பு உடுப்புத்தான், மட்டக்களப்புப் புள்ளயா எந்த ஊருப் புள்ளயா எண்டு உடுப்பப் பாத்துச் சொல்ல ஏலா. இத எழுதணும் எண்டு கனநாளா யோசிச்சன், இப்ப மச்சாள் ஜெர்மனில இருந்து வந்தநேரம் கொண்டுவந்த சில்லறைக்குள்ள ஒரு ரெண்டு யூரோ காசு கிடந்திச்சு, அதில ஒரு பொம்பளட முகம், ராணியும் இல்ல மந்திரியும் இல்ல, லாத்வியா நாட்டு உடுப்புப் போட்ட ஊர்ப்பொண்ணு. 1929ல அடிச்ச அஞ்சு லாட் (லாட் எண்டது யூரோவுக்கு முந்தி அவங்கட காசு) வெள்ளிக்காசில இருந்த அதே உருவத்தத்தான் 2014ல யூரோவுக்கு மாறினப்பவும் விடாம வெச்சிருக்காங்க.

மறுகா அந்த உடுப்பப் பத்தித் தேடி வாசிச்சன். கல்யாணம் கட்டாத புள்ளைகள் தலையில மணி கோத்த முடி வெப்பாங்க, கல்யாணத்தண்டு நடுச்சாமத்தில அதக் கழட்டிட்டு தலைத்துணி கட்டிவிடுவாங்க. (இத பொம்பள மட்டும் தலையில காட்டிக்கொண்டு திரியணும் எண்டது எனக்குப் புடிக்கல்ல, அங்கயும் சரி இங்கயும் சரி.) தோளில கம்பளிச் சால்வை, அத வெள்ளி ஊசிவட்டத்தால கொழுவியிருக்கும். லீல்வார்டே எண்ட ஊர் இடுப்புப்பட்டி வெள்ளையில செவப்பு நூல் ஓடி கிட்டத்தட்ட 3 மீட்டர் நீளம், இடுப்பில பல சுத்து வரும், அதில நெருக்கமா அடையாளங்கள், எட்டு முனை விடிவெள்ளி ராவையில கெட்டது அண்டாமக் காக்குமாம், ரெண்டு கதிர் குறுக்க சாஞ்ச மாதிரி இருக்குறது நல்ல விளைச்சலுக்கு. நெல்லு வெட்டுற அம்பாறை ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

லாத்வியாவில ஊருக்கு ஊர் உடுப்பு வேற, நீட்சா எண்ட ஊர்ப்பக்கம் நல்ல செவப்புப் பாவாடை. அங்க 1873ல தொடங்கின பாட்டுத் திருவிழாவுக்கு இண்டைக்கும் ஆயிரக்கணக்கில அவங்கவங்க ஊர் உடுப்போட வாறாங்க.

நமக்கு மருதமுனையில கைத்தறி இருக்கு ஐயா! வாடகைக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டா ஒரு துணி சொந்தமா வரும், அடுத்த வருசம் தங்கச்சியும் உடுக்கும். அதிபர்மார் இத யோசிக்கணும். நீங்களும் அங்க வயசான நெசவாளர் ஆக்களக் கண்டு, கரைக்கும் முந்தானைக்கும் என்ன பேர், எந்தக் கோலம் ஆருக்கு நெய்ஞ்சது எண்டு கேட்டு ஒரு தொடர் போடுங்க. ஞாயிறு பேப்பரில போட்டா நல்லம், அண்டைக்குத்தான் ஆக்கள் ஆறுதலா வாசிப்பாங்க.

வாசகி,
களுவாஞ்சிகுடி