கேபினில் ஆள் இல்லை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று எழுதியிருந்தாய். என்னைக் கூப்பிடாததற்கு நேரில் வைத்துக்கொள்கிறேன். என் முழங்கால் வலி அப்படியேதான். படியேறும் வேலை குறைந்ததால் சமாளிக்கிறேன்.

நம் தியேட்டரில் படம் ஓட்டும் கேபினில் இப்போது ஆளே கிடையாது. ஐந்து ஸ்கிரீனுக்கும் ஒரு வாரத்து ஷோவைக் கீழே ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடுகிறார்கள். நேரமானால் விளக்கு அணைகிறது, படம் ஓடுகிறது, இடைவேளைக்கு நிற்கிறது. ரீல் முடியப்போகிறது என்று காட்டும் புள்ளி திரையின் வலது மேல் மூலையில் தெரிகிறதா என்று இமைக்காமல் பார்த்து நாம் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றியதெல்லாம் இந்தப் பையன்களுக்குப் பழங்கதை. பழைய புரொஜெக்டர் விளக்கின் கார்பன் புகை போனதில் எனக்கு வருத்தமில்லை. படத்தைப் பார்க்க ஒருத்தன் இருந்தானே, அவன் போனதுதான் உறுத்துகிறது.

போன மாதம் மூன்றாம் ஸ்கிரீனில் நடு ஸ்பீக்கர் செத்துவிட்டது. பின்னணி இசை கேட்கிறது, வசனம் கேட்கவில்லை. படத்தை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வரில் எல்லாம் பச்சை, கோளாறே இல்லை என்கிறது. படமே அப்படித்தான் போல என்று ஜனம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து வந்து பாப்கார்ன் விற்கும் பெண்ணிடம் முறையிட்டார். வேறு யார் இருக்கிறார்கள்!

புதுப்படம் என்றால் தனிக் கூத்து. படம் சர்வரில் ஏறியிருக்கும், அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கே.டி.எம். வந்திருக்காது. தயாரிப்பாளருக்கும் பைனான்சியருக்கும் பணத்தகராறு என்றால் அந்தச் சாவி லேசில் வராது. முதல் காட்சிக்கு வந்த ரசிகர்களிடம் திட்டு வாங்குவது வாசலில் நிற்கும் பையன்.

அந்தப் பையனும் வேண்டாம், டிக்கெட்டைப் பார்க்க ஸ்கேன் மெஷின் போதும் என்கிறார் சின்ன முதலாளி. டெல்லி உபகார் தியேட்டரைச் சொன்னேன். 1997 ஜூன் 13. கீழே டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்து, புகை பால்கனிக்கு ஏறியது. கதவு தாழிட்டிருந்தது. திறக்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. ஓர் அறிவிப்புகூடக் கிடையாது. 59 பேர் போய்விட்டார்கள். "இப்போது அலாரம் அடித்தால் கதவு தானாகத் திறக்கும்" என்றார். புகையில் கதவு எந்தப் பக்கம் என்று கிழவிக்கும் குழந்தைக்கும் யார் காட்டுவது என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார்.

இப்போதைக்கு இரண்டு பேர் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். உன் தம்பி மகன் இன்னும் வேலை தேடுகிறானா? டார்ச் பிடிக்கக் கூச்சப்படமாட்டான் என்றால் அனுப்பிவை. சம்பளம் சுமார்தான், முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
ராமையா