அம்மாவோட மாத்திரைக்கும் மாமாவோட ட்ரிப்ஸுக்கும் பின்னாடி நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்ட, காசிமேடு, டோல்கேட் பக்கம் இருக்கறவங்க நெறைய பேருக்கு எங்க வீட்டு நெலம தெரியும். அம்மாவுக்கு மார்பு கேன்சர், அவங்க தம்பி, அதாவது எங்க மாமாவுக்கு வாய்ல கேன்சர், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல. பணம் குடுத்தவங்க, ரத்தம் குடுத்தவங்க, சோறு கட்டி அனுப்புனவங்க, ஓபி வரிசைல எங்களுக்காக விடியகாலைலயே போய் நின்னவங்க, ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்து சொல்லணும்னு தான் ஆச, முடியல, அதான் இந்த மடல். இதுல ஒரு உதவிய மட்டும் விரிவா சொல்லிக்கறேன், ஏன்னா செஞ்சவங்களே அத உதவின்னு நெனச்சிருக்க மாட்டாங்க. எங்களுக்கு உக்கார வெச்சு வெளக்கி சொன்னாங்களே, அது.

அம்மாவுக்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சப்புறம் லெட்ரோசோல்னு ஒரு மாத்திர எழுதி குடுத்தாங்க, தெனம் ஒண்ணு, அஞ்சு வருஷம். "இன்னாடா இது, இவ்ளோ பெரிய சீக்குக்கு இத்துனூண்டு மாத்திரயா"ன்னு அம்மாவுக்கு நம்பிக்கையே வரல. அதோட காலைல எழுந்தா விரல மடக்க முடியாது, முட்டி பிடிச்சுக்கும், திடீர்னு ஒடம்பெல்லாம் அனல் அடிச்சு வேர்த்து கொட்டும். நிறுத்திடலாம்னு முடிவே பண்ணிட்டாங்க.

அப்போ தான் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல இருந்த அக்கா, பின்னாடி அவ்ளோ கூட்டம் நிக்கும்போது, கொஞ்ச நேரம் இருங்கம்மான்னு சொல்லி, கூட்டம் கொறஞ்சதும் வெளிய வந்து பெஞ்சுல அம்மா பக்கத்துல உக்காந்தாங்க. பயாப்சி ரிப்போர்ட்ல இஆர் பாசிட்டிவ்னு போட்டிருக்கு பாருங்க, உங்க கேன்சர் செல்லுல ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனுக்குன்னு ஒரு பூட்டு இருக்கு, ஹார்மோன் சாவி மாதிரி அதுல போய் உக்காந்தா செல்லு பெருகும்னாங்க. தமாக்சிஃபென்னு ஒரு மாத்திர இருக்கு, அது அந்த பூட்டுல தான் போய் அடைச்சுக்கும், மாதவிடாய் இன்னும் நிக்காதவங்களுக்கும் அத குடுக்கலாம். அம்மா மாதிரி நின்னுபோனவங்களுக்கு சினைப்பைல ஹார்மோன் சுரக்கறது நின்னிருக்கும், ஆனா ஒடம்பு கொழுப்புல அரோமட்டேஸ்னு ஒரு என்சைம் ஒக்காந்து வேற ஹார்மோன ஈஸ்ட்ரோஜெனா மாத்திகிட்டே இருக்கும், லெட்ரோசோல் அந்த என்சைம தடுத்துடும். மூட்டு வலியும் அனலும் ஈஸ்ட்ரோஜென் கொறையறதால வர்றது, பொறுக்க முடியலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, மருந்து மாத்தி குடுப்பாங்க, நீங்களா நிறுத்தாதீங்க, இந்த வகை கேன்சர் பல வருஷம் கழிச்சு கூட திரும்பி வரலாம், அதனால தான் அஞ்சு வருஷம்.

அன்னிலேர்ந்து அம்மா ஒரு நாள் கூட விடல. அக்கா, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்கு தெரியல.

இந்த மாத்திரையால எலும்பு தேயும்னு, எலும்பு பலத்த அளக்கற டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் சொன்னாங்க, தெனம் நடந்தா வலியும் கொறையும்னாங்க. எதிர் வீட்டு பெரியம்மா அன்னிலேர்ந்து சாயங்காலம் ஆனா வாசல்ல வந்து நின்னு அம்மாவ கூட்டிட்டு தான் போவாங்க. பெரியம்மா, அந்த நடையும் ட்ரீட்மெண்ட் தான்.

அப்புறம் படிக்க படிக்க நன்றி சொல்ல வேண்டியவங்க லிஸ்ட் எங்கயோ போயிடுச்சு. 1896ல ஜார்ஜ் பீட்சன்னு கிளாஸ்கோ சர்ஜன் ஒருத்தர் சினைப்பைய எடுத்தா மார்புக் கட்டி சுருங்குதுன்னு எழுதியிருக்காரு, ஈஸ்ட்ரோஜென்னு ஒண்ணு இருக்கறதே அப்ப யாருக்கும் தெரியாது. தமாக்சிஃபென 1962ல இங்கிலாந்துல டோரா ரிச்சர்ட்சன்னு ஒரு அம்மா தான் லேப்ல உருவாக்குனாங்க, அதுவும் கருத்தடை மருந்து தேடும்போது. அந்தம்மா பேர நம்ம பொண்ணுங்க தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கறேன்.

இப்போ மாமா. ஹார்பர்ல வேல பாத்த காலத்துலேர்ந்து மாவா, அதான் பொகையில பாக்கு கலவ, போடற பழக்கம். ஆபரேஷன் பண்ற நெலமைய தாண்டிடுச்சுன்னாங்க, இம்யூனோதெரப்பி, அதாவது ஒடம்போட எதிர்ப்பு சக்திய வெச்சே கேன்சர தாக்கற வைத்தியம்னாங்க, ஃபுல் டோஸ் வெல கேட்டு நாங்க ஆடி போயிட்டோம். அப்போ மாமாவ பாத்துகிட்ட டாக்டர் மேடம் தான் மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரில நடந்த ஆராய்ச்சிய பத்தி சொன்னாங்க. நிவோலுமாப்ங்கறது அந்த இம்யூனோதெரப்பி ஊசி, வழக்கமா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ 240 மில்லிகிராம் போடற மருந்து, அவங்க மூணு வாரத்துக்கு ஒரு தடவ வெறும் 20 மில்லிகிராம், கூட கொறஞ்ச டோஸ் மாத்திரைங்க சேத்து குடுத்து பாத்திருக்காங்க. முத்திப்போன தலை கழுத்து கேன்சர்ல ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது மாத்திர மட்டும் எடுத்தவங்கள்ல 100க்கு 16 பேர், இந்த ஊசியும் சேத்து எடுத்தவங்கள்ல 43 பேர். 2022ல வெளிவந்த ரிசல்ட். எங்கள மாதிரி குடும்பங்கள மனசுல வெச்சு இத யோசிச்ச அந்த டாக்டர்களுக்கு கையெடுத்து கும்பிடறேன்.

இந்த மருந்து கேன்சர நேரா கொல்லறதில்லயாம். நம்ம ரத்தத்துல டி செல்லுன்னு காவல் செல்லுங்க இருக்கு, அதுங்க மேல பிடி ஒன் (PD-1)னு ஒரு புரோட்டீன் இருக்கு, கேன்சர் செல்லு தன் மேல இருக்கற இன்னொரு புரோட்டீனால அத தொட்டுகிட்டா டி செல்லு அடங்கி போயிடும், தாக்காது. ஊசி மருந்து போய் பிடி ஒன்ன மறைச்சுடும், கேன்சரால தொட முடியாது, டி செல்லு அதோட வேலைய செய்யும். பிடி ஒன்ன கண்டுபிடிச்ச ஜப்பான்காரர் தசுக்கு ஹோஞ்சோவுக்கும், இதே மாதிரி வேற ஒரு புரோட்டீன தடுத்து காட்டுன அமெரிக்காகாரர் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018ல நோபல் குடுத்தாங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது, அதையும் மேடம் மறைக்காம மொதல்லயே சொன்னாங்க, அந்த நேர்மைக்கும் நன்றி மேடம்.

அவுத்து விட்ட டி செல்லு சில சமயம் நல்ல உறுப்பையும் தாக்கும், நுரையீரல், குடல், தைராய்டு எதுவா வேணா இருக்கலாம், பேதி போனாலோ மூச்சு வாங்குனாலோ சாதாரணம்னு விடாம ஒடனே போன் பண்ணுங்கன்னு டே கேர் நர்ஸ் அக்கா ஒரு சீட்டுல எழுதி, மாமா சட்ட பாக்கெட்லயே வெச்சு அனுப்புனாங்க. மாமா ரொம்ப சோர்ந்து போனப்போ அந்த சீட்ட பாத்து தான் கூட்டிட்டு ஓடுனோம், தைராய்டு கொறஞ்சிருந்துச்சு, இப்போ அதுக்கு தெனம் ஒரு மாத்திர. புண்ணு சுருங்கி, மாமா இப்போ கஞ்சியோட மீன் கொழம்பும் சாப்புடறாரு. கேன்சர் போயிடுச்சுன்னு யாரும் சொல்லல, இருக்கு, ஆனா அடங்கி இருக்கு.

ஊசிக்கு காசு சேத்து குடுத்த காசிமேடு லாஞ்சுக்கார அண்ணன்மாருங்க, மீன் ஏலம் விடற இடத்துல துண்டு விரிச்சு வசூல் பண்ணி குடுத்த அக்காமாருங்க, ஒவ்வொரு தடவயும் பாதி காசு மட்டும் வாங்கிகிட்ட ஆட்டோ அண்ணன், உங்க கடன அடைக்க முடியாது.

நம்ம பக்கம் யாருக்காவது இப்போ தான் இந்த ஹார்மோன் மாத்திர ஆரம்பிச்சிருந்தா, பயமா இருந்தா, சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. அம்மா பேசறேன்னு சொல்லியிருக்காங்க, நடக்க போற நேரம்னா கூடவே நடந்துகிட்டே பேசலாம்.