மோட்டார்சைக்கிளுக்கு உள்ள படிநிலை காருக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் 200 சிசி வரையிலான மோட்டார்சைக்கிளுக்கான 2பி உரிமம் பெற்றவர் அதற்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட விரும்பினால், ஓராண்டு காத்திருந்து, 400 சிசி வரை ஓட்ட அனுமதிக்கும் 2ஏ தேர்வில் தேற வேண்டும். 400 சிசியைத் தாண்டிய வண்டிக்கு மேலும் ஓராண்டு ஆகும். ஆனால், 18 வயதில் காருக்கான 3ஆம் வகுப்பு உரிமம் பெறும் இளையர், அன்றிரவே நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு எவ்வளவு ஆற்றல்மிக்க காரையும் விரைவுச்சாலையில் செலுத்தத் தடையில்லை.

முதலாண்டில் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும் என்பது உண்மைதான். எனினும், அது தவறு நடந்த பிறகு வரும் தண்டனையே தவிர, முன்கூட்டியே காக்கும் ஏற்பாடு அன்று.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 25 வயதுக்குட்பட்ட புதிய ஓட்டுநர்கள் இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை, 21 வயதுக்குட்பட்ட பயணிகளில் ஒருவருக்கு மேல் ஏற்றிச் செல்லக்கூடாது. இரவு வேலைக்குச் செல்வோரைப் பாதிக்கும் முழுமையான இரவுத் தடையைவிட, பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கும் இத்தகைய விதியே நமக்குப் பொருந்தும் எனக் கருதுகிறேன். (அண்மையில் உரிமம் பெற்ற என் மகன் இதைப் படித்தால் முகம் சுளிப்பார்.) போக்குவரத்துப் போலிஸ் இதைப் பரிசீலிக்குமா?

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்